மறு: ‘ஷேக்கிள்’: விலங்கா, ஊசற்கொண்டியா?

வணக்கம். 1967–72 செவர்லே சி10 பிக்கப்பின் பின்பக்கச் சுருள்வில்லைக் கழற்றி லீஃப் ஸ்பிரிங் மாட்டுவதற்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லீஃப் ஸ்பிரிங்கைப் ‘பட்டைவில்’ என்று எழுதிவிட்டேன். அதன் பின்முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கிற ‘ஷேக்கிள்’தான் இடிக்கிறது. அகராதியில் ‘விலங்கு’ என்று இருக்கிறது. “பட்டைவில்லின் பின்கண்ணை விலங்கில் கோக்கவும்” என்றால் சரியா?

——

சரியில்லை ஐயா. விலங்கு அசையவிடாமல் கட்டுவது. ஷேக்கிள் அசையவிடுவதற்காகவே இருப்பது. பாரம் ஏறினால் வில்லின் வளைவு தட்டையாகி நீளம் கூடும். முன்கண், அதாவது வில்லின் முன்முனை வளையம், சட்டத்தில் நிலையாக இருப்பதால் கூடுகிற நீளம் பின்னால்தான் போகவேண்டும். இரு பக்கத் தகடு, இரண்டு போல்ட், நடுவில் புஷ் என்கிற ரப்பர்க் குழல்: இதுதான் பின்னால் சாய்ந்து இடம் கொடுக்கிறது. வெற்று வண்டியிலேயே முழுக்கச் சாய்ந்திருந்தால், பாரம் ஏற்றியதும் சட்டத்தில் இடிக்கும்.

——

‘விலங்கு’ என்பதை அவ்வளவு எளிதில் தள்ளவேண்டாம். விலங்குதல் என்றால் குறுக்காதல். மலைக்கு விலங்கல் என்று பெயர், குறுக்கே நிற்பதால். நிமிராமல் குறுக்காக நடப்பது விலங்கு. காலுக்குக் குறுக்கே கிடப்பதும் விலங்கு. ஷேக்கிளின் போல்ட்டுகளும் குறுக்காகத்தானே போகின்றன? இன்னொன்று: ‘பட்டைவில்’லைவிட ‘இலைவில்’ நல்லது. மூலச்சொல்லின் பொருள் அதில் இருக்கிறது.

——

இலைவில் வேண்டாம். பட்டறையில் ‘பட்டை உடைந்துவிட்டது’ என்றுதான் சொல்கிறார்கள், இலை என்று யாரும் சொல்வதில்லை. ‘வில்’லோ நமக்குப் பழையது, மாட்டுவண்டியில் பட்டை வைத்தபோதே அதை வில்வண்டி என்றோம். ‘வில்தகடு’ என்று யாரும் கிளம்பவேண்டாம்: புணர்த்தால் விற்றகடு, படிப்பவர் எதையோ விற்றதாக நினைப்பார்.

——

ஷேக்கிளுக்கு ‘ஊசற்கொண்டி’ என்பது என் முன்மொழிவு. ஊசல் என்பது ஊஞ்சல்; பொன்னூசல் பாடிய மொழிக்கு இது அந்நியமில்லை. மேலே ஒரு போல்ட்டில் தொங்கி, கீழே வில்லைத் தாங்கி ஆடுகிறது.

அதைவிட முக்கியம், உங்கள் வாக்கியம் பாதியில் நிற்கிறது. புஷ் போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் திருகவேண்டும். சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகே முழு இறுக்கம். தூக்கிவைத்த நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொள்ளும், பிறகு கிழியும். ஆக்சிலில் வில் அமர்கிற தகடான வில் இருக்கையையும் அப்படியே: முதலில் புள்ளி வெல்டு மட்டும். எடை இறங்கிய நிலையில் பினியன் மூக்கு (சுழல்தண்டு ஆக்சிலில் வந்து சேரும் முனை) கியர்பெட்டித் தண்டுக்கு இணையான நிலையிலிருந்து 2 முதல் 3 பாகை தாழ்ந்திருக்கட்டும். இழுவையில் வில் முறுகி மூக்கு மேலே எழும். அளந்த பிறகே முழு வெல்டு, அதுவும் விட்டுவிட்டு. ஒரே ஓட்டமாக ஓட்டினால் ஆக்சில் குழாய் வளையும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டின் தலை இருக்கையின் துளைக்குள் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வில்லை ஆக்சிலோடு பிணைக்கிற யு போல்ட்டைப் பூட்டச் சொல்லுங்கள். யு போல்ட் எப்போதும் புதியது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கவேண்டும்.

——

ஊசல் இயற்பியலில் ‘பெண்டுலம்’ ஆயிற்றே! மாணவர் குழம்புவார். ‘ஊசற்கொண்டி’யில் அந்த ‘ற்’ வேறு மெக்கானிக்கின் வாயில் நுழையாது.

——

ஊசலாகிய கொண்டி; இருபெயரொட்டு, ஆகவே வேற்றுமைப் பொருள் இல்லாத அல்வழிப் புணர்ச்சி. லகரம் வல்லினத்தின் முன் அல்வழியில் உறழும், அதாவது றகரமாகத் திரிந்தும் திரியாமலும் வரும் என்பது நன்னூல் விதி. ‘ஊசல்கொண்டி’ என்றும் தாராளமாக எழுதலாம். யு போல்ட்டை ‘லாட ஆணி’ ஆக்கிவிடாதீர்கள். அது மாட்டுக் குளம்பில் அடிக்கிற ஆணி.

——

நன்றி. ஊசலை முன்மொழிந்தவர் பக்கம் சாய்ந்து ‘ஊசல்கொண்டி’ என்றே வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் “ஷேக்கிள் எனப்படும்” என்று சேர்க்கிறேன். யு போல்ட் அப்படியே இருக்கட்டும். இறுக்கும் வரிசையைத் தனிப் பத்தியாக்கிவிட்டேன்.

——

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கொண்டி கதவைச் சாத்துவது. அதுவும் அசையவிடாத பொருள்தான். விலங்கைத் தள்ளிய அதே காரணத்துக்காக அதையும் தள்ளியிருக்கவேண்டும். ‘ஊசல்தகடு’ என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.