ஸ்பாட்மேட்டிக்குக்கு முதல் லென்ஸ்: மஞ்சளான 1.4, மங்கிய 55, எண்ணெய் இறங்கிய ஹீலியோஸ், எதை எடுக்கலாம்?

ரோல்36:
வணக்கம். பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் என்ற பழைய ஃபில்ம் கேமராவின் பாடி மட்டும் கையில் இருக்கிறது, லென்ஸ் கிடையாது. ஷட்டர் நன்றாக ஓடுகிறது, மீட்டர் முள்ளும் அசைகிறது. எம்42 திருகு மவுண்ட் என்றால் லென்ஸுக்குப் பஞ்சமில்லை என்றார்கள், உண்மைதான், ஆனால் பழைய லென்ஸ் விற்கிற எல்லோரும் ஏதாவது ஒரு குறையோடுதான் விற்கிறார்கள். பார்த்துப் பார்த்து மூன்றில் வந்து நிற்கிறேன். பெண்டாக்ஸின் சூப்பர் டகுமார் 50 மி.மீ. 1.4 (லென்ஸ் முழுக்கத் திறக்கும்போது உள்ள எண், சிறிதானால் வெளிச்சம் அதிகம்), கண்ணாடி டீத்தண்ணீர் மாதிரி மஞ்சளாக இருக்கிறது. சூப்பர் டகுமார் 55 மி.மீ. 1.8, "உள்ளே லேசான மங்கல், படத்தில் தெரியாது" என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது ஹீலியோஸ் 44-2, கண்ணாடி சுத்தம், ஆனால் வெளிச்சத் துளையைச் சுருக்குகிற அப்பர்ச்சர் பிளேடுகளில் எண்ணெய். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கலர், கறுப்பு வெள்ளை இரண்டும் எடுப்பேன். 1.4 என்பதால் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. எது சரி?

ரிப்பேர்மேசை:
1.4-க்கும் 1.8-க்கும் நடுவில் இருப்பது முக்கால் ஸ்டாப்கூட முழுசாக இல்லை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அதற்காக மட்டும் எதையும் வாங்காதீர்கள். பழைய லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது, இருக்கிற குறை போகுமா போகாதா என்பது.

மஞ்சள் போகும். அந்த 50 1.4-இல் இரண்டு வகை உண்டு, முதலில் வந்தது எட்டுக் கண்ணாடி, அடுத்தது ஏழு. இரண்டாவதில்தான் தோரியம் கலந்த கண்ணாடி போட்டார்கள், வருஷம் போகப் போக அதுதான் மஞ்சளாகிறது. அதனால் மஞ்சள் என்றாலே ஏழு கண்ணாடி வகை, யாராவது அதையே "அரிய எட்டுக் கண்ணாடி" என்று விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஹீலியோஸில் எண்ணெய் இருப்பது கேட்கப் பயமாக இருக்கும், அந்த லென்ஸில் அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. 44-2 பிரீசெட் வகை. பிளேடை ஸ்பிரிங் மூடுவதில்லை, நீங்களே கையால் வளையத்தைத் திருப்பி மூடுகிறீர்கள், எண்ணெய் இருந்தாலும் திருப்பின இடத்தில் நிற்கும். இதே எண்ணெய் ஒரு டகுமாரில், அதாவது கேமராவே பிளேடை மூடவைக்கிற ஆட்டோ லென்ஸில், இருந்தால் கதை வேறு. ஷட்டர் திறப்பதற்குள் பிளேடு சுருங்கி முடிக்க வேண்டும், எண்ணெய் பிடித்தால் தாமதமாகும், ரோல் முழுக்க வெளிச்சம் கூடிப்போய் வரும். ஆட்டோ லென்ஸில் எண்ணெய் என்றால் தயங்குங்கள், பிரீசெட்டில் என்றால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ஒரே கவலை, அந்த எண்ணெய் ஆவியாகிப் பக்கத்துக் கண்ணாடியில் படியலாம், என்றைக்காவது திறந்து சுத்தம் செய்யத்தான் வேண்டும். முன்பக்கமாக லைட்டர் பெட்ரோல் சொட்டுவிடும் வீடியோக்களை நம்பாதீர்கள், எண்ணெயைக் கரைத்துக் கண்ணாடி மேலேயே கொண்டுபோய்ப் பரப்பும்.

எனக்குச் சந்தேகம் 55 மேல்தான். "லேசான மங்கல்" என்ற சொல்லுக்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். டார்ச் போட்டுப் படம் கேளுங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து, முன்னாலிருந்து எடுத்த படம். ஜன்னலோரம் வைத்து எடுத்த படத்தில் எந்த லென்ஸும் புதுசு மாதிரிதான் தெரியும்.

கறுப்புவெள்ளை:
மஞ்சளைப் போக்கவே வேண்டாம் என்பேன். கறுப்பு வெள்ளையில் அது இலவசமாக வந்த மெல்லிய மஞ்சள் ஃபில்டர், வானம் கொஞ்சம் கறுக்கும், மேகம் எடுப்பாக வரும். ஸ்பாட்மேட்டிக் லென்ஸ் வழியாகவே வெளிச்சம் அளப்பதால் மஞ்சள் தின்னும் வெளிச்சத்தையும் பெரும்பாலும் சேர்த்தே கணக்குப் போட்டுவிடும்.

ரோல்36:
கலரும் எடுப்பேன் என்று சொன்னேனே! அதுவும் ஸ்லைடு (நெகட்டிவாக இல்லாமல் நேராகவே படம் வரும் ஃபில்ம்) போட ஆசை. அப்புறம் தோரியம் என்றால் கதிர்வீச்சு இல்லையா? வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது.

நெகட்டிவ்பெட்டி:
ஸ்லைடு என்றால் மஞ்சளைப் போக்கிவிடுங்கள், நெகட்டிவ் என்றால் ஸ்கேன் செய்யும்போது ஓரளவு சரிக்கட்டலாம், ஸ்லைடில் அந்த வழி இல்லை.

கதிர்வீச்சு உண்டு, அளவு சிறியது. கேமராவில் மாட்டிப் படம் எடுக்கிற அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. உடைந்தாலோ தேய்த்தாலோ வரும் தூள்தான் உள்ளே போகக்கூடாது, எனவே கீறலைத் தேய்த்து எடுக்கிறேன் என்று இறங்காதீர்கள். இன்னொன்று, 50 மி.மீ. லென்ஸைத் திருப்பிப் பிடித்து நெகட்டிவ் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. இந்த லென்ஸை அப்படிக் கண்ணோடு ஒட்டி வைக்காதீர்கள். பிள்ளை கையில் விளையாடக் கொடுக்கவும் வேண்டாம், அது எந்த லென்ஸுக்கும் பொருந்தும்.

போக்குவதற்குப் புற ஊதா எல்ஈடி விளக்கு போதும். லென்ஸை நிறுத்தி வைத்து ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் அலுமினியத் தாள், வெளிச்சம் திரும்பி உள்ளே போகும். முன்னால் யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அதை மாட்டிவைத்துக்கொண்டே "எனக்கு வேலை செய்யவில்லை" என்பவர்கள் இருக்கிறார்கள். சில நாளில் தெரியத் தொடங்கும், நன்றாக வெளுக்கச் சில வாரமும் ஆகலாம். விளக்கு எரியும்போது அதை உற்றுப் பார்க்காதீர்கள். வெயிலில் வைத்தாலும் வெளுக்கும், ஆனால் சூட்டில் கிரீஸ் இளகிப் பிளேடுக்கு இறங்கும், ஹீலியோஸ் கதை இங்கேயும் ஆகிவிடும். தவிர லென்ஸ் வழியாகக் குவிந்த வெயில் மேஜை விரிப்பைப் பொசுக்கிவிடும்.

ரோல்36:
55 விற்பவர் டார்ச் படம் அனுப்பினார். நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பட்டை, அதில் வானவில் நிறம் தெரிகிறது. ஃபங்கஸா?

ரிப்பேர்மேசை:
ஃபங்கஸ் சிலந்தி வலை போலக் கிளை விட்டு ஓடும். வெறும் மங்கல் என்றால் மூச்சுவிட்ட கண்ணாடி போல ஒரே சீராக இருக்கும், பெரும்பாலும் கிரீஸ் ஆவி, சுத்தம் செய்தால் போய்விடும். ஓரத்திலிருந்து கிளம்புகிற, விளிம்பு தெளிவாகத் தெரிகிற, வானவில் நிறம் காட்டுகிற பிறை என்றால் ஒட்டு விட்டுப்போய்விட்டது. அந்த 55-இல் பின்பக்கம் இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டியிருப்பார்கள், அங்கேதான் பிரிகிறது. பிரித்துத் திரும்ப ஒட்டலாம், ஆனால் அதற்கு ஆகும் செலவில் இன்னொரு 55 வாங்கிவிடலாம், அது ஒன்றும் அரிய லென்ஸ் இல்லை. விடுங்கள்.

தூசிதட்டி:
ஃபங்கஸ் லென்ஸை மற்றவற்றோடு வைத்தால் தொற்றிக்கொள்ளும், வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

நெகட்டிவ்பெட்டி:
இதை நான் ஏற்கவில்லை. வித்து காற்றில் எங்கும் இருக்கிறது, ஈரம் கிடைத்தால் எந்த லென்ஸிலும் முளைக்கும். சிலிக்கா ஜெல் போட்டு உலர்வாக வைப்பதுதான் வழி. தோல் உறைக்குள் மூடி வைப்பதுதான் மோசம்.

ரோல்36:
50 1.4 வாங்கிவிட்டேன்! கீறல் இல்லை, ஃபோகஸ் வளையம் கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். ஆனால் ஒரு சிக்கல், வளையத்தைத் துளை மிகச் சிறிதாக வேண்டிய 16 வரை திருப்பினாலும் பிளேடு அசையவே இல்லை, முழுக்கத் திறந்தே இருக்கிறது. கேமராவில் மாட்டாமல் கையில் வைத்துப் பார்த்தேன். ஏமாந்துவிட்டேனா?

ரிப்பேர்மேசை:
பதறாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். லென்ஸ் பக்கத்தில் ஆட்டோ, மேனுவல் மாற்றும் சின்ன நெம்பு இருக்கும், ஆட்டோவில் இருக்கிறது போல. ஆட்டோவில் பின்னால் நீட்டியிருக்கும் ஊசியை அழுத்தினால்தான் பிளேடு மூடும், கேமராவில் அந்த வேலையைப் பாடி செய்கிறது. மேனுவலுக்கு மாற்றி வளையத்தைத் திருப்புங்கள், பிளேடு கூடவே வர வேண்டும். திரும்ப ஆட்டோவில் வைத்து ஊசியை விரலால் அழுத்தி விடுங்கள், டக்கென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் அல்லது காய்ந்த அழுக்கு.

பிறகு ஃபில்ம் போடாமல் கேமராவில் மாட்டி, பின்கதவைத் திறந்து, 16-இலும் ஒரு நொடியிலும் வைத்து ஷட்டரை அழுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். துளை சின்னதாகத் தெரிய வேண்டும். கடைசியாக இன்ஃபினிட்டி. தொலைவில் இருக்கிற கோபுரத்தையோ மலையையோ பாருங்கள், வளையம் கடைசியில் போய் நிற்கும்போது கூர்மையாக இருக்க வேண்டும். அதற்கு முன்பே கூர்மையாகிக் கடைசியில் மங்கினாலோ, கடைசி வரை கூர்மையே வராவிட்டாலோ, யாரோ கழற்றிச் சரியாகப் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.

ரோல்36:
நெம்பு ஆட்டோவில்தான் இருந்தது. மேனுவலில் பிளேடு சுத்தமாக மூடுகிறது, ஊசியை அழுத்தினால் டக் டக் என்று வேகமாக வருகிறது, பின்கதவு சோதனையும் சரி. இன்ஃபினிட்டி நாளைக் காலை வெளிச்சத்தில் பார்க்கிறேன். புற ஊதா விளக்கு சொல்லியாகிவிட்டது, அது வரும்வரை கறுப்பு வெள்ளை ரோல்தான்.

கறுப்புவெள்ளை:
அதைத்தானே முதலிலேயே சொன்னேன்.