எம்ஜிபி ரோட்ஸ்டர்: சில் பகுதியில் துரு, பட்டி போதுமா, வெட்ட வேண்டுமா?

கேள்வி:
என்னிடம் 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த மேற்பகுதி கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இருக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் பெயின்ட் கொப்பளித்திருந்ததால் ஸ்குரூடிரைவரால் லேசாகக் குத்தினேன். முனை உள்ளே இறங்கி, ஒரு பிடி துருத்தூள் கொட்டியது. முன் மட்கார்டின் கீழ்முனையிலும் இரண்டு சிறு ஓட்டைகள் உள்ளன. சுரண்டிவிட்டு ஃபைபர் ஒட்டி மேலே பட்டி பூசினால் சில ஆண்டுகள் தாங்கும் என்கிறார் ஒருவர். அது சரியா? வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
பட்டி யோசனையைக் கைவிடுங்கள். எம்ஜிபிக்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. பாடியே பாரத்தைச் சுமக்கிறது. கூரைத் தகடும் இல்லாத ரோட்ஸ்டரில், வண்டி நடுவில் தொய்யாமல் காப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டு சில்களுக்கே உரியது. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் நீளவாக்கில் ஓடும் காஸில் ரெயில் என்ற தகடு எனப் பல தகடுகள் சேர்ந்த பெட்டி அது. துரு உள்ளே தொடங்கித்தான் வெளியே வருகிறது என்பதால், கண்ணில் படும் ஓட்டையை வைத்துச் சேதத்தை அளக்க முடியாது. முன் மட்கார்டு போல்ட்டில்தான் நிற்கிறது. முதலில் அதைக் கழற்றுங்கள். சக்கரம் வாரியடித்த சேறு சில்லின் முன்முனையில் கெட்டிப்பட்டு, ஈரத்தைப் பஞ்சுபோல் பிடித்து வைத்திருப்பதைக் காண்பீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். என் முதல் வண்டியில், முன்னும் பின்னும் மட்டும் முட்டுக் கொடுத்து, அவசரத்தில் இரு பக்கச் சில்களையும் ஒன்றாக வெட்டிவிட்டேன். புதியவற்றைப் பற்றவைத்த பிறகு கதவைச் சாத்தினால், அதன் பின் மேல்மூலை பாடியில் முட்டி நின்றது. நடு தொய்ந்த நிலையிலேயே வண்டியை நிரந்தரமாக்கியிருந்தேன். எல்லாவற்றையும் மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே செய்யுங்கள். கதவின் கீல் இருக்கும் முன் தூணையும் பூட்டு விழும் பின் தூணையும் இணைத்து உட்புறமாக ஒரு சதுரக் குழாயைப் பற்றவையுங்கள். அப்போதுதான் கதவை மாட்டி மூடிப் பார்க்க இடமிருக்கும். புதிய தகட்டைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, கதவு சரியாக விழுகிறது என்று உறுதியான பிறகே வெல்டிங். சில்லின் பின்முனை பின்புற மட்கார்டுக்கு அடியில் மறைந்திருப்பதால், அதன் கீழ்ப்பகுதியையும் வெட்டாமல் முழுச் சில்லை மாற்ற இயலாது. தெரியும் அளவுக்கு மட்டும் மூடித் தரும் வேலையை ஏற்காதீர்கள்.

பதில் 3:
வெல்டிங் பற்றி மட்டும் சொல்கிறேன். மிக் (கம்பி தானாக வந்து உருகும் வகை) வெல்டிங் இயந்திரத்தில் 0.6 மி.மீ. கம்பி போதும். மட்கார்டு ஒட்டுக்கு, ஓட்டையைச் சுற்றிப் பளபளப்பான நல்ல தகடு வரும்வரை வெட்டி, புதிய துண்டை விளிம்போடு விளிம்பாகப் பொருத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் மீண்டும் ஈரம் தங்கும். கோடாக இழுத்தால் சூட்டில் தகடு நெளியும்; இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று ஆறவிட்டு வையுங்கள். சில்லுக்குள் பிறகு துருத்தடுப்பு மெழுகு அடிக்க வழி இருக்கட்டும். வடிகால் துளைகளைப் பட்டியால் அடைத்துவிடாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் வேண்டாம்.

கேட்டவர்:
மட்கார்டைக் கழற்றினேன். சேறு ஒரு வாளி வந்தது. காஸில் ரெயிலின் முன்பகுதி விரலால் அழுத்தினாலே உதிர்கிறது. வெட்டுவதென்று முடிவு செய்து, இன்று கதவு இடைவெளிகளை மட்டும் அளந்து வைத்திருக்கிறேன்.