பட்டுப் புடவைக் கடை வெப்சைட்டுக்கு என்ன கலர் வைப்பது? பெரியப்பாவோடு தினமும் சண்டை

ஆரணிப்பையன்:

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பாவுக்கு ஆரணியில் பட்டுப் புடவைக் கடை இருக்கிறது. லீவில் சும்மாதானே இருக்கிறாய், கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடு என்றார். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும், போட்டும் விட்டேன். நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் அவர் சொன்னபடியே செய்தேன். மேலே அரக்குப் பட்டை, அதில் தங்க நிறத்தில் கடைப் பெயர், மயில்பச்சையில் பட்டன்கள், பின்னணி முழுக்க மாம்பழ மஞ்சள். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அக்கா பார்த்துவிட்டு "திருவிழா நோட்டீஸா?" என்று கேட்டாள். சரி என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெளிநாட்டு ஃபேஷன் தளங்கள் மாதிரி வெள்ளைப் பின்னணி, இளஞ்சாம்பல் எழுத்து, மெலிந்த எழுத்துரு என்று மாற்றினேன். என் லேப்டாப்பில் அவ்வளவு அழகாக இருந்தது. பெரியப்பா மத்தியானம் கடை வாசற்படியில் நின்று போனில் திறந்தவர், "போட்டோ மட்டும்தான்டா இருக்கு, விலையே போடலையா?" என்றார். போட்டிருக்கிறேன். வெயிலில் தெரியவில்லை.

நிறம் தேர்ந்தெடுக்க ஏதாவது முறை இருக்கிறதா, இல்லை கண்ணுக்குப் பட்டதை வைப்பதுதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையகோடர்:

தம்பி, அந்தச் சாம்பலின் நிறக் குறியீடு #999999 ஆகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். வெள்ளை மேல் அதன் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தின் அளவு, 2.85தான் வரும். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் 21, ஒரு நிறத்தின் மேல் அதே நிறத்தை வைத்தால் 1, இதற்கு நடுவில்தான் எல்லா ஜோடியும் விழும். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய தலைப்புக்கு 3 போதும் என்று வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இலேயே விதி எழுதிவிட்டது. #777777 வைத்தால் 4.48, பெயில். #767676 வைத்தால் 4.54, பாஸ். ஆனால் நீ எல்லைக்கோட்டில் போய் நிற்காதே, வாசற்படி வெயிலுக்கு இதெல்லாம் பத்தாது. #333333 போடு, 12.6 வரும்.

அப்புறம் இன்னொரு விஷயம், இதை ஆங்கிலத் தளங்களைப் பார்த்து டிசைன் செய்கிறவர்கள் யோசிப்பதே இல்லை. தமிழில் நமக்குப் புள்ளி இருக்கிறது. மெலிந்த எழுத்துரு, வெளிர் நிறம் இரண்டும் சேர்ந்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'பட்டு' என்று நீ எழுதியிருப்பாய், பெரியப்பா 'படடு' என்று படிப்பார். எழுத்துருவை ஒரு படி தடிமனாக்கு.

குரோமில் பார்ப்பது சுலபம். எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போ, ஸ்டைல்ஸ் பகுதியில் எழுத்து நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சதுரத்தை அழுத்தினால் கான்ட்ராஸ்ட் எண் வந்துவிடும்.

உன் முதல் டிசைனில் நிறங்கள் மேல் குற்றமே இல்லை, யாரைப் பக்கத்தில் உட்கார வைத்தாய் என்பதில்தான் கோளாறு. அரக்கு #800000 மேல் மயில்பச்சை #008080 பட்டன் என்றால் 2.3தான். அதே பட்டனை வெள்ளைப் பக்கத்தில் வைத்து உள்ளே வெள்ளை எழுத்துப் போட்டால் 4.77, தேறிவிடும். மாம்பழ மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து 2கூட வராது, கறுப்பு என்றால் 12க்கு மேல் போகும். ஒரு நிறத்தின் வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சைக்குச் சுமார் 71.5 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7 என்று பங்கு வைத்திருக்கிறார்கள். திரையில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, ஆக அது வெள்ளைக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி. ஜரிகை தங்கமாகத் தெரிவது அது மின்னுவதால். திரையில் அசையாமல் ஒரே நிறமாகப் பூசினால் கடுகுதான் கிடைக்கும், தங்கத்தை விட்டுவிடு.

தறிவீட்டுக்காரி:

மேலே சொன்ன எண் கணக்கெல்லாம் எழுத்துக்குச் சரி. புடவைக் கடைக்கு அதைவிடப் பெரிய தலைவலி வேறு. நான் காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குப் போட்டோ வேலை பார்க்கிறேன். ஒருமுறை வெங்காயச்சருகு நிறத்தில் ஒரு புடவை, அதை அரக்குப் பின்னணி உள்ள பக்கத்தில் ஏற்றினோம். போட்டோவில் கிட்டத்தட்டச் சந்தனமாகத் தெரிந்திருக்கிறது. வாங்கிய அம்மா, "நான் சந்தனம் கேட்டேன், ரோஸ் அனுப்பியிருக்கிறீர்களே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். போட்டோவில் நான் ஒன்றுமே மாற்றவில்லை, சுற்றியிருந்த அரக்கு அந்தப் புடவையின் சிவப்பை உறிஞ்சிவிட்டது.

இது புதிய சங்கதியே இல்லை. பாரிஸில் கோபெலின் என்று ஒரு பெரிய நெசவுக்கூடம், அங்கே சாயப் பிரிவுக்கு ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர் பொறுப்பாக இருந்தார். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்திருக்கிறது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டியிருக்கின்றன. 1839இல் இதைப் புத்தகமாகவே போட்டார். ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தன்னிடமிருந்து தள்ளிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

60-30-10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், பக்கத்தில் ஒரு நிறம் 60 சதவீதம், இன்னொன்று 30, மூன்றாவது 10, புடவையில் உடல், கரை, முந்தானை மாதிரி என்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தம்பி, உங்கள் பக்கத்தில் ஒரே நேரத்தில் நாற்பது புடவை இருக்கும், ஒவ்வொன்றும் தன் கரையையும் முந்தானையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். நாற்பத்தொன்றாவது புடவையாகப் பக்கமும் போட்டிக்கு வர வேண்டுமா? பெரியப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கடையில் புடவையை விரித்துக் காட்டும் மெத்தைக்கு ஏன் வெள்ளை விரிப்புப் போட்டிருக்கிறார்? அதுதான் உங்கள் பின்னணி. வெள்ளையோ, லேசான சாம்பலோ, அவ்வளவுதான். அரக்கு மேலே ஒரு பட்டைக்கு, மயில்பச்சை வாங்கும் பட்டனுக்கு. மஞ்சளுக்கு வேலை கிடையாது.

கூடவே ஒன்று. மயில் கழுத்து மாதிரிப் புடவைகளில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம், திருப்பினால் நிறம் மாறும். அதற்கு ஒரு போட்டோ போதாது, மடிப்பை மாற்றி இரண்டாவது எடுங்கள்.

நிறம்தெரியாதவன்:

பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்குச் சிவப்பு-பச்சைக் குழப்பம் உண்டு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100க்கு 8 பேருக்கு இது இருக்கிறது, பெண்களில் 200க்கு ஒருவருக்கு. மனைவி பிறந்தநாளுக்கு ஆன்லைனில் பச்சைப் புடவை என்று நினைத்து ஒன்று வாங்கினேன். பிரித்துப் பார்த்தவள், "செங்கல் கலர்ல எதுக்குங்க?" என்றாள். அந்தத் தளத்தில் நிறத்துக்குப் பெயரே எழுதவில்லை, வட்டம் வட்டமாகப் பொட்டு வைத்திருந்தார்கள், அதில் ஒன்றை நானாகப் பச்சை என்று முடிவு செய்து அழுத்தியிருக்கிறேன். பொட்டுக்குப் பக்கத்தில் இலைப்பச்சை, வாடாமல்லி என்று ஒரு வார்த்தை எழுதினால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

அதே மாதிரி, இருப்பில் உள்ள புடவைக்குப் பச்சைப் புள்ளி, விற்றுப்போனதற்குச் சிவப்புப் புள்ளி என்று வைக்காதீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். 'விற்றுப்போச்சு' என்று எழுதிவிடுங்கள். குரோமில் இன்ஸ்பெக்ட் போனால் திறக்கும் டெவ்டூல்ஸில் ரெண்டரிங் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் என்னை மாதிரிக் கண்ணுக்குப் பக்கம் எப்படித் தெரியும் என்று போட்டுப் பார்க்கலாம்.

ஆரணிப்பையன்:

எல்லோருக்கும் நன்றி. விரிப்புக் கேள்வி வேலை செய்துவிட்டது, தறிவீட்டுக்காரி அக்கா. பெரியப்பா மெத்தையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், "கலர் விரிப்பில போட்டா புடவை எடுக்காதுடா" என்று அவரே சொன்னார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. மஞ்சள் போயிற்று, பின்னணி வெள்ளை, எழுத்து #333333, மேலே அரக்குப் பட்டையில் வெள்ளையில் கடைப் பெயர். புடவைப் பெயரோடு நிறத்தின் பெயரையும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். அதில்தான் நேரம் போகிறது, நான் பச்சை என்று எழுதுவதில் பெரியப்பாவுக்கு ஐந்து வகை இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். கீழே வாட்ஸ்ஆப் பட்டன் ஒன்று கட்டாயம் வேண்டும் என்கிறார். அந்தப் பச்சை என் மயில்பச்சைப் பட்டனோடு சேரவே இல்லை, அதில் வெள்ளை எழுத்துப் போட்டால் கான்ட்ராஸ்ட் 2க்குக்கூட வரவில்லை. அதையும் மயில்பச்சையாக மாற்றிவிடலாமா?

பழையகோடர்:

மாற்றாதே. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் ஜனங்கள் அழுத்துகிறார்கள். வெள்ளை எழுத்தை எடுத்துவிட்டுக் கறுப்பில் எழுது, 10க்கு மேல் வரும். வாங்கும் பட்டன் புடவைக்குக் கீழேயே இருக்கட்டும், இது திரையின் ஓரத்தில் தனியாக நிற்கட்டும், இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள். முடித்ததும் பெரியப்பாவை மறுபடி வாசற்படிக்குக் கூட்டிப் போ, மத்தியானமாகப் பார்த்து.