ஹோம்ஸ்டெட் ஹைஸ்கூல்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

சன்னிவேல் அப்பா:
பெண் இந்த வருடம் கலிஃபோர்னியாவில் இருக்கும் கூப்பர்டினோ ஹோம்ஸ்டெட் ஹைஸ்கூலில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவைக் காரில் கூட்டிப்போய், "ஸ்டீவ் ஜாப்ஸ் படிச்ச ஸ்கூல்ப்பா" என்று காட்டினேன். அவர் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கவர்மெண்ட் பள்ளிக்கூடமா? ஃபீஸ் எவ்வளவு?"

"ஃபீஸே கிடையாதுப்பா."

"அப்புறம் எதுக்குடா அவ்வளவு வாடகை குடுக்கிறே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. எந்த எல்லைக்குள் வீடு இருக்கிறதோ அந்தப் பள்ளிதான் இங்கே. கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் காட்டித்தான் சேர்த்தோம். அப்பாவின் கணக்கில் அந்த வாடகையும் ஃபீஸ்தான்.

பழைய ஆள், 1998 முதல்:
உங்கள் அப்பா சரியாகத்தான் பிடித்திருக்கிறார். ஜாப்ஸின் பெற்றோர் செய்ததும் இதைத்தானே? மவுண்டன் வியூவில் நடுநிலைப் பள்ளியில் பையன்கள் படுத்திய பாடு தாங்காமல், இனி அங்கே போகமாட்டேன் என்று சிறுவன் ஜாப்ஸ் அடம்பிடித்தார். கையில் இருந்ததையெல்லாம் திரட்டி, 21,000 டாலருக்கு லாஸ் ஆல்டோஸில் வீடு வாங்கினார்கள். முகவரி லாஸ் ஆல்டோஸ், பள்ளிக்கூட எல்லையோ கூப்பர்டினோ. பிற்பாடு ஆப்பிள் கம்பெனி தொடங்கியது அந்த வீட்டில்தான்.

இன்னொன்று. ஜாப்ஸும், அவரோடு சேர்ந்து ஆப்பிளைத் தொடங்கிய வாஸ்னியாக்கும் ஒரே வகுப்பு என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். வாஸ்னியாக் முடித்தது 1968, ஜாப்ஸ் 1972. இவர் உள்ளே வரும்போது அவர் வெளியே போய்விட்டார். இருவரையும் சேர்த்துவைத்தது அதே பள்ளியில் படித்த பில் ஃபெர்னாண்டஸ். அவர் பெயரை யாரும் சொல்வதே இல்லை, எனக்கு அதில் ஒரு வருத்தம்.

சால்டரிங் பிரியன்:
என் முதல் வேலையில் பக்கத்து இருக்கைக்காரர் அந்தப் பள்ளியில் படித்த அமெரிக்கர். மதியச் சாப்பாட்டில் எப்போதும் ஜான் மெக்கல்லம் வாத்தியார் கதைதான். கடற்படையில் விமானியாக இருந்துவிட்டு எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்க வந்தவர். வாஸ்னியாக்குக்குப் பள்ளியில் கற்றுக்கொள்ள இனி எதுவும் இல்லை என்று தெரிந்ததும், சன்னிவேல் சில்வேனியா கம்பெனிக்குப் போய் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத ஏற்பாடு செய்துகொடுத்தார். எத்தனை வாத்தியாருக்கு அந்த மனசு வரும்?

ஜாப்ஸோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. கிடைக்காத ஒரு உதிரிபாகத்துக்காக டெட்ராய்டில் இருந்த பரோஸ் கம்பெனிக்கு, காசை அவர்கள் தலையிலேயே கட்டி ஃபோன் போட்டு, புதுக் கருவி வடிவமைக்கிறேன் என்று அளந்துவிட்டாராம் ஜாப்ஸ். பாகம் விமானத்தில் வந்து இறங்கியது. வாத்தியாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

வாஸ்னியாக் மட்டும் சாதுவா? மெட்ரோனோம் (பாட்டுக்குத் தாளம் தட்டும் கருவி) ஒன்று செய்து, வெடிகுண்டு மாதிரி டிக் டிக் என்று அடிக்கட்டும் என்று ஒரு லாக்கருக்குள் வைத்தார். கதவைத் திறந்தால் சத்தம் வேகமாகும். தலைமையாசிரியர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஃபுட்பால் மைதானத்துக்கு ஓடி ஒயரைப் பிடுங்கினார். பையனுக்கு ஒரு ராத்திரி சிறார் காவல். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, மின்விசிறி ஒயரைச் சிறைக் கம்பியில் மாட்டினால் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தாராம். இன்றைக்கு ஒரு பையன் இப்படிச் செய்தால் ஒரு ராத்திரியோடு விடுவார்களா?

சன்னிவேல் அப்பா:
நன்றி சார். நேற்று அப்பாவை அந்த லாஸ் ஆல்டோஸ் வீட்டுப் பக்கமும் கூட்டிப்போனேன். 2013-லேயே வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள், ஆனாலும் பார்க்க மாடியில்லாத சாதாரண வீடுதான். உள்ளே ஆள் குடியிருப்பதால் தெருவிலேயே நின்று கராஜைப் பார்த்தோம். 21,000 டாலர் கதையைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவங்க சொந்தமா வாங்கிட்டாங்க பார்" என்றார்.