முதல் மாரத்தான், நிதி திரட்ட: ஓடிவிடுவேன் போல, பணம் கேட்கத்தான் வாய் வரவில்லை

வேளச்சேரி_அதிகாலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 37 வயது, கிண்டியில் வேலை. பள்ளிக்கூடத்தில்கூட ஓடியதில்லை. மார்ச்சில் நடக்க ஆரம்பித்து, இப்போது ஜூலையில் நிற்காமல் 5 கி.மீ. ஓடுகிறேன், 42 நிமிடம் ஆகிறது. ஜனவரி சென்னை மாரத்தானில் முழு 42 கி.மீ.க்கே பெயர் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

காரணம் என் அக்கா மகள். போன வருடம் அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது, அப்போது அவளுக்கு 9 வயது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து தண்ணீர் கேட்பாள், போட்ட பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவும், வெயில் காலம்தானே என்று நாங்கள் விட்டுவிட்டோம். மூச்சு வாங்கி மயங்கிய அன்றுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போது நன்றாக இருக்கிறாள், அக்காவால் செலவையும் சமாளிக்க முடிகிறது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன், அவனுக்கு மூன்று வருடமாக இருக்கிறதாம். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்துவிடும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும்தான் விரலில் குத்திப் பார்ப்போம் என்று அவன் அம்மா சொன்னார். அது மனதை விட்டுப் போகவே இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் இலவசமாகக் கொடுக்கும் ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்சம் திரட்டிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு கேள்வி. ஆறு மாதத்தில் 5-லிருந்து 42 முடியுமா? ஞாயிற்றுக்கிழமை 7, 8 என்று முயன்றால் இரண்டு கால்களிலும் முன் எலும்பு ஓரமாக வலிக்கிறது.

அடுத்தது, பணம் எப்படிக் கேட்பது? யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று சொல்லியே அப்பா எங்களை வளர்த்தார். வாட்ஸாப்பில் மெசேஜ் எழுதி வைத்து மூன்று வாரம் ஆகிறது, அனுப்பு பொத்தானை அழுத்த விரல் போகவில்லை.

பெசன்ட்நகர்_மெதுஓட்டம்:

வணக்கம் சகோதரி. எனக்கு 54 வயது, நாலு முழு மாரத்தான் ஓடியிருக்கிறேன், நாலும் மெதுவாகத்தான். நேராகச் சொல்கிறேன், இந்த ஜனவரியில் பாதி மாரத்தான் ஓடுங்கள், 21.1 கி.மீ. முழுசு அடுத்த வருடம். ஆறு மாதத்தில் முழுசு முடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் கால் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டது. நுரையீரலும் இதயமும் இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தை ஏற்றிக்கொண்டே போகிறோம், அங்கேதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

உட்கார்ந்து அந்த எலும்பை மேலிருந்து கீழே விரலால் அழுத்திப் பாருங்கள். நீளமாகப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஓய்விலும் குறைவான தூரத்திலும் சரியாகிவிடும். ஒரே இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, தொட்டால் துள்ளுகிற மாதிரி வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம், ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. வலியை மறைத்துவிடும், உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

வாரத்துக்கு நாலு நாள் போதும், அதில் ஞாயிறு மட்டும் நீளமான ஓட்டம், நாலாவது வாரம் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகம் எவ்வளவு என்றால், பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், வார்த்தை வார்த்தையாக வந்தால் வேகம் அதிகம். ஓடி நடந்து ஓடுவதில் எந்த வெட்கமும் வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே ஆயிரக்கணக்கானவர்களை இப்படித்தான் மாரத்தான் முடிக்க வைத்தார். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, அதையும் களைத்த பிறகு இல்லை, முதல் கிலோமீட்டரிலிருந்தே. நம் ஊரில் அடையாறு ஆமைகள் என்றே ஓர் ஓட்டக் குழு இருக்கிறது, அந்தப் பெயரே எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது.

சென்னையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் எழுதிய பயிற்சி அட்டவணையை அப்படியே இங்கே பிடிக்க முடியாது. ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலை 5 மணிக்கே சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை, காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் அந்த வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. அதனால் கி.மீ.க்கு ஒரு நிமிடம் கூடினாலும் கவலைப்படாதீர்கள். அப்புறம் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழை, சில ஞாயிறு கண்டிப்பாகப் போய்விடும். விட்டதைச் சேர்த்து அடுத்த வாரம் ஓடக் கூடாது, போனது போனதுதான்.

வியர்க்கிறதே என்று வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்த மாதிரி கொடுத்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடுகிற அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களுக்குத்தான் அது அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள், நீண்ட ஓட்டத்தில் ஓஆர்எஸ் கரைத்து எடுத்துப் போங்கள். ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், கட்டைவிரல் முன்னால் ஒரு விரல் இடம் இருக்க வேண்டும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாசலின் தடவாமல் 10 கி.மீ. தாண்டிப் போகாதீர்கள், வீட்டுக்கு வந்து குளிக்கும்போது எரிச்சலில் கண்ணீர் வரும்.

இருட்டில் தனியாக ஓட வேண்டாம், நாய்த் தொல்லையும் உண்டு. ஞாயிறு காலை பெசன்ட் நகர் கடற்கரைக்கு வாருங்கள், எந்த வேகத்துக்கும் துணை கிடைக்கும்.

ஓஎம்ஆர்_ஓரம்:

மேலே அண்ணா சொன்னதைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. புற்றுநோய்க் குழந்தைகளுக்காக நிதி திரட்டி, முழுசு ஓடுகிறேன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன், பயிற்சியில் அதிகபட்சம் ஓடியது 22. அன்றைக்கு 31 வரை எல்லாம் நன்றாகப் போனது. அப்புறம் உடம்பில் சேர்த்து வைத்த சக்தி தீர்ந்து, கால் சொன்னதைக் கேட்கவில்லை, கடைசி 8 கி.மீ. முழங்காலின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே வந்தேன். அதன் பிறகு நாலு மாதம் படி இறங்க முடியவில்லை. பணம் கொடுத்த ஒருவர்கூட எத்தனை கி.மீ. ஓடினாய் என்று கேட்கவில்லை. பாதி ஓடியிருந்தாலும் அதே பணம்தான் வந்திருக்கும்.

தாம்பரம்_அம்மா:

சகோதரி, என் மகனுக்கும் டைப் 1. இப்போது 13 வயது, நாலு வயதிலிருந்து. ஓடுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கேட்பதைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் திருவண்ணாமலை பக்கம் மாமியார் வீட்டில் இருந்தோம், ஃபிரிட்ஜ் கிடையாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பார்கள். திறந்த பாட்டிலாவது வெயிலில் கெடாமல் இருக்கட்டும் என்று பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டி வைத்து, ஈரத்துணியால் மூடி வைப்பேன். மருந்துக் கடைக்கு மாதம் இரண்டு முறை பஸ். இனிப்பு கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்று உறவுக்காரர்கள் பேசியதையும் கேட்டுக்கொண்டேன். இந்த நோய் இனிப்பு தின்று வருவதில்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது என்று அப்போது எனக்கே சொல்லத் தெரியாது. முகம் தெரியாத யாரோ கொடுத்த பணத்தில்தான் இரண்டு வருடம் எங்களுக்கு ஸ்ட்ரிப் வந்தது. அந்த யாரோவிடமும் ஒருவர் கூச்சத்தை விட்டுக் கேட்டிருப்பார் இல்லையா? நீங்கள் உங்களுக்காகக் கேட்கவில்லை.

உதவி செய்யுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமலே விட்டுவிடுவார்கள். நாங்கள் வாங்கும் ஸ்ட்ரிப் ஒன்று சுமார் 20 ரூபாய், ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்தால் 80 ரூபாய். நீங்கள் ஓடும் ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒரு குழந்தைக்கு ஒரு நாள் ஸ்ட்ரிப் என்று கேளுங்கள். ஒரு கி.மீ. எடுத்துக்கொள்பவர் 80 கொடுக்கட்டும், 21-ம் எடுத்துக்கொள்பவர் 1,680 கொடுக்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். குழந்தைக்கு ஊசி போடுகிற படம், அழுகிற படம் போடாதீர்கள். என் மகன் பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறான், பரிதாபமாகப் பார்த்தால் அவனுக்குப் பிடிக்காது.

மயிலை_கணக்காளர்:

நல்ல முயற்சி மேடம். தாம்பரத்து அம்மா சொன்ன கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். 1980-ல் கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயால் ஒரு கால் எடுக்கப்பட்டவர், செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கி.மீ. ஓடினார். அவர் கேட்டது தலைக்கு ஒரு டாலர்தான். நோய் நுரையீரலுக்குப் பரவி ஓட்டம் பாதியில் நின்றது, ஆனால் அடுத்த பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது, அப்போது கனடாவின் மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். அவர் பெயரில் நம் ஐஐடி மெட்ராஸிலும் ஓட்டம் நடத்துகிறார்கள்.

சிறிய அறக்கட்டளைகளின் கணக்கு பார்ப்பது என் தொழில், அதனால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்காதீர்கள், ஒரு ரூபாய்கூட. அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்று தெரிய, குறிப்பில் உங்கள் ஓட்டத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள், அறக்கட்டளை வாராவாரம் உங்களுக்குப் பட்டியல் தரட்டும். இணைய நிதி திரட்டும் தளம் வழியாக வாங்கினால் கட்டணம் எத்தனை சதவீதம் என்று முன்பே கேட்டு, அதைக் கொடுப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

80ஜி, அதாவது நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் கழிவு, உண்டா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும், கொடுப்பவர் பான் எண் தர வேண்டும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் பயன், புதிய முறைக்கு மாறியவருக்கு இல்லை. இதைச் சொல்லாமல் வாங்கினால் மார்ச் மாதம் உங்களுக்குத்தான் போன் வரும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி, எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் பதிவு உள்ள அறக்கட்டளை மட்டும்தான், அதுவும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இருக்கும் கணக்கில்தான், முதலில் வாங்க முடியும். ஆசையாக ஒருவர் அனுப்பிய 500 டாலரால் ஒரு நல்ல சிறிய அமைப்பு நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டம் முடிந்து பத்து நாளுக்குள் கணக்கு அனுப்பிவிடுங்கள். எவ்வளவு வந்தது, எத்தனை ஸ்ட்ரிப் ஆனது, இரண்டு வரி போதும். பல வருடம் முன்பு ஒரு தர்ம ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணத்தோடு 1,000 ரூபாய் சேர்த்துக் கட்டினேன், அந்தப் பணம் யாருக்குப் போனது என்று மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை. அதற்கப்புறம் யார் கேட்டாலும் ஒரு தயக்கம் வந்துவிட்டது. உங்களிடம் கொடுப்பவர்களுக்கு அந்தத் தயக்கம் வரக் கூடாது.

வேளச்சேரி_அதிகாலை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பாதி மாரத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். எலும்பை அழுத்திப் பார்த்தேன், இடது காலில் ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தது, உடனே டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் விரிசல் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் மூன்று வாரம் ஓடக் கூடாது, வலி போகாவிட்டால் எம்ஆர்ஐ பார்க்கலாம் என்றார்.

அறக்கட்டளையில் பேசிவிட்டேன், பணம் அவர்கள் கணக்குக்கே போகும். பழைய மெசேஜை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "ஜனவரியில் 21 கி.மீ. ஓடுகிறேன். ஒரு கி.மீ.க்கு 80 ரூபாய், டைப் 1 சர்க்கரை நோய் உள்ள ஒரு குழந்தைக்கு ஒரு நாள் ரத்தப் பரிசோதனை ஸ்ட்ரிப். எனக்காக எத்தனை கி.மீ. எடுத்துக்கொள்வீர்கள்?" 120 பேர் 21-ம் எடுத்துக்கொண்டால் 2 லட்சம் தாண்டிவிடும்.

முதலில் அப்பாவுக்குத்தான் அனுப்பினேன், அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கால் மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். "80 ரூபாய்தானா, தெளிவாகப் போட்டிருக்கியே" என்றார், அப்புறம் வங்கிக் கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். மறுநாள் பட்டியலில் முதல் பெயர் அவருடையது, 21 கி.மீ.

இந்த மூன்று வாரமும் சும்மா இருக்காமல் ஏதாவது செய்யலாமா அண்ணா?

பெசன்ட்நகர்_மெதுஓட்டம்:

டாக்டர் சரி என்றால் நீச்சல் அடியுங்கள், வேளச்சேரியிலேயே அரசு நீச்சல் குளம் இருக்கிறதே. வலிக்காமல் ஓட்ட முடிந்தால் சைக்கிளும் சரி. நாலாவது வாரம் ஐந்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம் என்று முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். என் பெயரில் 10 கி.மீ. போட்டுக்கொள்ளுங்கள், இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.