பாசி மேல் தவளை: உடனே சுண்டுவதா, பொறுப்பதா?

தூண்டில் துரை:
அமெரிக்கக் காணொளி நாலு பார்த்துவிட்டு இங்கே பாடம் நடத்த வருகிறவர்களை என்ன செய்வது? நேற்று இன்னொரு இழையில் ஒரு மேதை எழுதியிருந்தார்: "அடர்ந்த பாசி மேல் ரப்பர் தவளை இரையை இழுக்கும்போது மீன் அடித்தால் உடனே சுண்டாதீர்கள், அதாவது கொக்கி ஏற ராடை வெட்டி இழுக்காதீர்கள். ஒன்று, இரண்டு எண்ணி, லைனில் கனம் தெரிந்த பிறகு சுண்டுங்கள்." கீழே ஒரு கூட்டம் 'அருமை, அருமை' என்கிறது. நீங்கள் ஒன்று, இரண்டு எண்ணி முடிப்பதற்குள் தோமான் என்ற பெரிய விரால் ஆகாயத்தாமரை வேருக்குள் புகுந்துவிடும். அப்புறம் கரைக்கு வருவது மீன் இல்லை, ஒரு மூட்டை செடி. தண்ணீர் வெடிக்கும் நொடியே சுண்ட வேண்டும். கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் நான் வருடக்கணக்காக இப்படித்தான் பிடிக்கிறேன்.

சிலேத்தார் சிங்கம்:
அந்த மேதை நான்தான். பெயர் சொல்லக் கூச்சமா அண்ணே?

காரணத்தையும் அங்கேயே எழுதியிருந்தேன், உங்கள் கண்ணுக்குப் படவில்லை. பாசிக்கு அடியில் இருக்கும் மீன் தவளையை முழுசாகப் பார்ப்பதில்லை. மேலே ஏதோ நகர்கிறது என்பது மட்டும் தெரியும். குத்துமதிப்பாகத்தான் பாசியைக் கிழித்துக்கொண்டு வரும், பாதி நேரம் குறி தப்பும். தவளை பக்கத்தில் தெறித்து விழுந்து கிடக்கும். அப்போது சுண்டினால் கொக்கி உங்கள் மூஞ்சிக்கு வரும். அசைக்காமல் அந்த ஓட்டையிலேயே விட்டால் அதே மீன் மறுபடி அடிக்க வாய்ப்பு உண்டு. அலபாமாவின் கண்டர்ஸ்வில் ஏரியில் இலையுதிர் காலத்தில் மில்ஃபாயில், ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடிகள் தண்ணீரையே மூடிக் கிடக்கும். அங்கே தவளை போட்டு பாஸ் மீன் பிடிப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லும் பாடம் இது.

தூண்டில் துரை:
வந்துவிட்டது அலபாமா! தம்பி, நீங்கள் இருப்பது சிங்கப்பூரில். வெடித்த நொடியே சுண்ட வேண்டும்.

ஈசூன் மீனாட்சி:
ஒரு நிமிடம். இருவரும் ஒரே மீனைப் பற்றித்தான் பேசுகிறீர்களா? பெரியவாய் பாஸ் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். அதன் பல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, அவ்வளவுதான். தோமானுக்குக் கூரிய பல் உண்டு, அது கடித்துப் பிடிக்கும். நம் நீர்த்தேக்கத்துப் பீக்காக் பாஸ் பெயரில்தான் பாஸ், தென்னமெரிக்காவிலிருந்து வந்த சிக்லிட் என்ற வேறு மீன் வகை. பாசி நெருங்கிவிட்டால் அடியில் ஆக்ஸிஜன் குறையும். தோமானும் இன்னொரு விரால் வகையான ஹாருவானும் மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளிக்கும், பீக்காக்கால் அது முடியாது. அப்புறம் 'அடர்ந்த பாசி' என்று எதைச் சொல்கிறீர்கள்? அல்லி இலையா, ஆகாயத்தாமரையா, அடியிலிருந்து எழுந்துவரும் ஹைட்ரில்லாவா? இதைத் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை இருக்காது.

தூண்டில் துரை:
எந்த மீனாக இருந்தால் என்ன? அடித்தால் சுண்ட வேண்டும்.

சிலேத்தார் சிங்கம்:
எந்தப் பாசியாக இருந்தால் என்ன? கனம் தெரியாமல் சுண்டக் கூடாது.

ஈசூன் மீனாட்சி:
நல்லது. சுவரிடமே கேட்டிருக்கலாம்.

பிடோக் பாண்டியன்:
ஜப்பானில் விரால் இனத்தை 'ரைகியோ' என்பார்கள். தாமரைக் குளங்களில் தவளை போட்டு அதைப் பிடிப்பதற்கென்றே தடித்த ராட் செய்து விற்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடுமே.

துரை அண்ணே, சும்மா ஒரு சந்தேகம். போன வருடம் 'கிராஞ்சி தோமான்' என்று போட்டீர்களே ஒரு படம், பின்னால் தெரிந்த கரை பாண்டான் நீர்த்தேக்கக் கரை மாதிரியே இருந்தது. அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

தூண்டில் துரை:
பாண்டியன், படத்தைப் பற்றிப் பேச இது இடமில்லை. அது கிராஞ்சிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் போடுவது 65 பவுண்ட் தாங்கும் பிரெய்ட் என்ற பின்னல் லைன், ஏழடிக்கு மேல் ஹெவி ராட், ரீலில் லைன் நழுவாமல் பிடிக்கும் டிராக் முழுக்க இறுக்கியிருக்கும். பிரெய்ட் அவ்வளவாக நீளாது. நான் சுண்டினால் அந்த விசை அப்படியே கொக்கிக்குப் போகும். தோமானின் தாடை கல். அது வாயை இறுக்கி, திரும்பி, வேகம் எடுத்த பிறகு கொக்கி எங்கே இறங்கும்? முதல் நொடியில் வாய் திறந்திருக்கும், அப்போதே ஏற்றி, தலையை மேலே திருப்பி, பாசி மேலேயே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். மலேசியாவின் கென்யிர் ஏரியில் படகோட்டும் மலாய்க்கார அண்ணன்களும் 'உடனே, உடனே' என்றுதான் கத்துவார்கள். நான் அங்கே போய்ப் பிடித்தவன். காணொளி பார்த்தவன் இல்லை.

சிலேத்தார் சிங்கம்:
கென்யிரில் பாசியா? அங்கே படகில் நின்று, தோமான் காற்றுக்கு எழும் இடத்தைப் பார்த்துத் திறந்த தண்ணீரில் எறிகிறார்கள். நடுவில் மறைக்க ஒரு இலைகூட இல்லை. அங்கே உடனே சுண்டினால் சரிதான், யார் இல்லை என்றது? நான் எழுதியது பாசிக்கு.

இன்னொன்று. உங்கள் தவளையை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தேன், ஞாபகம் இருக்கா? அமுக்கினால் அமுங்கவில்லை. வயிறு நிறையத் தண்ணீர். தவளை உடம்பு அமுங்கினால்தான் முதுகோடு ஒட்டியிருக்கும் இரட்டைக் கொக்கி வெளியே வரும். நாலு எறிக்கு ஒருமுறை வயிற்றைப் பிதுக்கித் தண்ணீரை எடுக்க வேண்டும், கொக்கி முனையில் சுற்றியிருக்கும் நார்ப்பாசியை நகத்தால் உரித்துப் போட வேண்டும். நீங்கள் அதைச் செய்வதில்லை. மீன் நழுவினால் 'பொறுத்ததால் போச்சு' என்று பழி.

தூண்டில் துரை:
என் தவளையை அமுக்கிப் பார்த்தவர், கடன் வாங்கிய இரண்டு தவளையை எப்போது திருப்பித் தருவார்?

புதுத்தூண்டில்:
வணக்கம், நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். பாசிக்கு மீடியம் ராட் போதுமா? 20 பவுண்ட் லைன் கையில் இருக்கிறது.

தூண்டில் துரை:
தம்பி, எந்த ராட் ஆனாலும் சரி, வெடித்த நொடியே சுண்டப் பழகு. இவர்கள் பேச்சைக் கேட்காதே.

ஈசூன் மீனாட்சி:
போதாது தம்பி. 20 பவுண்டில் பாசிக்குள் தோமானைக் கோத்தால் லைன் அறுந்து, மீன் வாயில் தவளையோடு போகும். ஹெவி ராட், 50 பவுண்ட் பிரெய்டாவது வேண்டும்.

சிலேத்தார் சிங்கம்:
பொறுமை வேண்டும் என்று சொன்னால் ஏன் இவ்வளவு எரிச்சல்? 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்ட் 4 அவுன்ஸ், உலக சாதனை. அந்த ஊர்க்காரர்களுக்கு மீன் பிடிக்கத் தெரியாதா?

தூண்டில் துரை:
பெர்ரி அதைத் தவளையில் பிடித்தாரா? இல்லை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் அதைச் சமன் செய்த குரிட்டாவும் உயிர் மீனை இரையாகப் போட்டார். வாதத்துக்குச் சம்பந்தமே இல்லாத சாதனைகளைக் கொண்டுவருகிறார். உயிர் இரை என்றதும் ஞாபகம் வருகிறது, நம் நீர்த்தேக்கங்களில் செயற்கை இரை மட்டும்தான் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்தானே? வாளியில் உயிர்த் தவளையோடு வந்தவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

சிலேத்தார் சிங்கம்:
வாளியில் இருந்தது ஐஸ் மைலோ. பலமுறை சொல்லியாகிவிட்டது.

அங் மோ கியோ அண்ணாச்சி:
சண்டை போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். செக்கச்செவேலென்று தோமான் குஞ்சுக்கூட்டம் தண்ணீர் மேல் கொதித்துக்கொண்டு போகும், அதன் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையை எறிந்து 'அடி பார், அடி பார்' என்று காணொளி எடுக்கிறீர்களே, அது பசியில் அடிக்கிறதா? குஞ்சைக் காப்பாற்ற அடிக்கிறது. பெற்றதைத் தூக்கிவிட்டால் மிச்சத்தை மற்ற மீன் தின்றுவிடும். அங்கே உடனே சுண்டினால் என்ன, நாளைக்குச் சுண்டினால் என்ன?

பிடோக் பாண்டியன்:
பிடித்துத் திரும்ப விட்டுவிடுகிறோமே அண்ணாச்சி.

அங் மோ கியோ அண்ணாச்சி:
நீங்கள் நின்று படம் எடுத்து முடிப்பதற்குள் குஞ்சு பாதி காலி. ஆபரேஷன் ஆனவருக்கு சூப் வைக்க ஒரு ஹாருவான் எடுத்துப் போகிறவனைத் திட்டுவீர்கள், இதை வீரம் என்பீர்கள்.

பிடோக் பாண்டியன்:
சூப்புக்கு ஈரச்சந்தையில் விற்கிறார்கள், போய் வாங்கலாம்.

அங் மோ கியோ அண்ணாச்சி:
சந்தை விலை என்னவென்று தெரியுமா உனக்கு?

தூண்டில் துரை:
குஞ்சு, சூப் எல்லாம் தனி இழையில் பேசிக்கொள்ளுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான்: வெடித்ததும் சுண்டுவதா, இல்லையா? இதுவரை யாரும் எனக்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

ஈசூன் மீனாட்சி:
எந்தப் பாசி என்று நான் முதலிலேயே கேட்டேன். அல்லி இலை இடைவெளியில் தவளை காணாமல் போவது கண்ணுக்குத் தெரிகிறது, அங்கே உடனே சுண்டலாம். மூடிய பாசியில் தண்ணீர் தெறிப்பதுதான் தெரியும், தவளை எங்கே என்று தெரியாது. அங்கே ராட் நுனியைத் தாழ்த்தி, தொய்வைச் சுருட்டி, கனம் வந்ததும் சுண்ட வேண்டும். இதற்கு எண்ணிக்கையே தேவையில்லை.

சிலேத்தார் சிங்கம்:
பாருங்கள், மீனாட்சி அக்காவும் என் பக்கம்.

ஈசூன் மீனாட்சி:
நான் யார் பக்கமும் இல்லை. உங்கள் 'ஒன்று, இரண்டு' அபத்தம் என்றுதான் சொன்னேன்.

தூண்டில் துரை:
அபத்தம் என்று அக்காவே சொல்லிவிட்டார். முடிந்தது கதை.

ஈசூன் மீனாட்சி:
உங்களையும் சேர்த்துத்தான் துரை.

தூண்டில் துரை:
சனிக்கிழமை காலை கிராஞ்சிக்கு வாருங்கள், அனுமதித்த மீன்பிடி இடத்துக்கே, வேலி தாண்ட வேண்டியதில்லை. வெடித்த நொடியே சுண்டிக் காட்டுகிறேன், காணொளியும் போடுகிறேன். சிங்கம், அந்த இரண்டு தவளையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சிலேத்தார் சிங்கம்:
ஒன்றுதான் கடன் வாங்கினேன். அதுவும் ஓட்டை.

தூண்டில் துரை:
இரண்டு.