மறுமடல்: ஏரிக்கரைப் புளியமரம் – 45,000 எதுக்கு?

எல்லாருக்கும் வணக்கம். ஏரிக்கரையில சாஞ்ச புளியமரத்தை இறக்க 45,000 எதுக்குன்னு கேட்டிருந்தீங்க, அதுக்குத்தான் இந்தப் பதில்.

பெரியப்பா மகன் ஊருக்குப் போய் எடுத்தனுப்பின போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். மரம் விழுந்துடுச்சுன்னு எழுதுறீங்க, விழலை. வேப்பமரத்து மேல சாஞ்சு மாட்டிகினு நிக்குது. பாதி வேர் வெளியே, பாதி மண்ணுல. பங்குனி மாசம், பழமெல்லாம் கைக்கெட்டுற உயரத்துல. நம்ம தெருப் பசங்க கீழே நின்னு டவுசர் பையில ரொப்பிகினு இருக்கானுங்க. ஒருத்தன் வேர்க்குழிக்குள்ளயே உக்காந்திருக்கான். எனக்கு வயித்தைக் கலக்குறது அதுதான், 45,000 இல்ல.

துபாய் மாமா கேக்குறார், மரக்கடைக்காரர் சும்மாவே வெட்டி எடுத்துக்கிறேங்கிறாரே, அப்புறம் ஏன் காசுன்னு. எப்படி வெட்டுவீங்கன்னு அவருக்கே போன் போட்டேன். "வேப்பமரத்தை அடியில அறுத்தா ரெண்டும் சேந்து வந்துடும் தம்பி, ஒண்ணும் ஆவாது." மாமா, நான் அபுதாபியில பாரம் தூக்குற வேலையிலதான் 14 வருஷமா இருக்கேன். தாங்குற மரத்தை அறுக்குறவன் தலை மேல ரெண்டு மரம் நிக்குது, எது எந்தப் பக்கம் வரும்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது. மேல ஏறிக் கிளையைக் கழிக்கிறதும் வேணாம். ஒரு கிளை போனா பாரம் மாறும், மரமே உருளும். அடிமரத்தை அறுத்தா வேர்க்கட்டு சட்டுனு நிமிந்து திரும்பக் குழியில உக்காரும். அந்தக் குழியிலதான் பையன் உக்காந்திருக்கான்.

சாஞ்ச திசைக்கு நேர் எதிர்ப்பக்கமா அடியை இழுத்தா நுனி வேப்பமரத்தை விட்டு வழுக்கி இறங்கும். மீதி வேரை ஹிட்டாச்சி வண்டி வெச்சு நோண்டி விடணும், அப்புறம் மரத்தைப் போல ரெண்டு மடங்கு நீளத்துக்கு இரும்பு வடம் கட்டித் தூரத்துல இருந்து இழுக்கணும். நைலான் கயிறு கூடவே கூடாது, இழுபட்டு அறுந்தா சாட்டையாட்டம் திரும்பி வரும். இரும்பு வடத்து மேலயும் ஈரச் சாக்கு போடணும். வண்டி ராணிப்பேட்டையில இருந்து டிரெய்லர்ல வரணும், பாதிக் காசு அதுக்கே போகுது. லைன்மேன் கரண்டை நிறுத்தணும். புறம்போக்கு மரம், புளி ஏலம் போற மரம், அதனால வி.ஏ.ஓ.கிட்ட எழுதிக் குடுக்காம யாரும் கை வைக்காதீங்க.

ஒரு சிக்கல். இழுக்கிற பக்கம் மணியக்காரர் கடலைக்கொல்லை. அங்க போய் யார் பேசுறது? நான் பேச மாட்டேன், ஏன்னு உங்களுக்கே தெரியும்.

இன்னைக்கே வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டுச் சுத்தி அடைங்க. அதுக்குக் காசு வேணாம்.

– மேட்டுத்தெரு சின்னவன், அபுதாபி

---

தம்பி, உன் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா 2019 கோயில் சுத்துச்சுவர் வசூல்ல மீதி 18,300 இன்னும் கணக்குல வரலை. அதை முதல்ல எடுத்து வையுங்க, குறையறதுக்குத் தலைக்கட்டு வரி போடலாம். வண்டிக்கு ரசீது வேணும். மரம் ஏலம் போனா அந்தத் தொகை யார் கைக்குப் போகுதுன்னும் எழுதுங்க.

– மாமா, துபாய்

---

மாமா, அந்த 18,300 யார்கிட்ட இருக்குன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அம்மன் கோயில் மேடையில அவருக்குச் சால்வை போட்டதே நீங்கதான்.

அந்த வேப்பங்கன்னை வெச்சது எங்க நைனா. பாரதக் கூத்து நடக்கிற நாள்ல, துரியோதனனைச் சாய்க்கிற படுகளம் முடிஞ்சு வர்ற ஜனத்துக்கு அதன் நிழல்லதான் மோர் ஊத்துவாங்க. மரக்கடைக்காரர் அதுல ரம்பம் வெச்சா நான் இந்தச் சங்கத்துல இல்ல. என் பங்கு 10,000 இன்னைக்கே அனுப்புறேன். மணியக்காரர் வீட்ல நானே பேசுறேன், அண்ணி என்கூடப் படிச்சவங்க.

– சிங்கப்பூர்

---

முள்ளு போட்டாச்சாம். பசங்க ஏரிப்பக்கமா சுத்திப் போய்ப் பொறுக்கறானுங்களாம். அந்தப் பக்கமும் அடைக்கச் சொல்லியிருக்கேன்.

– சின்னவன்